குடிபோகப் போகும் நகரத்தை முன்கூட்டிப் போய்ப் பார்த்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு ஒரு புது நகரத்துக்குப் போகப்போவதாகவும், அதற்கு முன் சில நாள் அங்கே தங்கி வரப்போவதாகவும் எழுதி, எங்கெங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு எல்லோரும் முதலில் சொல்வது அருங்காட்சியகம், பூங்கா, கடைத்தெரு. அவை எங்கேயும் ஓடிப்போகாது. குடிபோன பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய வரும், அப்போது நிதானமாகப் பாருங்கள். நீங்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனதும் பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் யாரோ, அவருடைய ஒரு சாதாரண நாள் அங்கே எப்படிக் கழியும் என்பதை இந்தச் சில நாளில் பார்த்துவிடுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குடும்பத்தோடு என்று எழுதியிருப்பதால் வயதானவரோ குழந்தையோ இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தனி ஆள் என்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் கணவருக்கு மாற்றல் வந்தபோது நான் இதற்காகவே சண்டை போட வேண்டியிருந்தது. "வீட்டுக்குள்ள நடந்து பார்க்கிற மாதிரி வீடியோவே அனுப்பறாங்க, எதுக்கு வீண் செலவு?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். வேலைக்குப் போகிறவர் மட்டும் போய்ப் பார்த்தால் போதாதா என்றும் கேட்டார்கள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு நாள்பட்ட மூச்சுத் தொல்லை, இன்ஹேலர் கையில் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் மூவருமாகப் போனோம்.

தரகர் காட்டிய வீடு உண்மையிலேயே நல்ல வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு, எல்லா அறையிலும் வெளிச்சம், எதிரே மரங்கள். என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் வாடகை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். நல்ல வெயில் நேரம். ஆனால் அவர் வீட்டுத் துணியெல்லாம் கண்ணாடி அடைத்த பால்கனிக்குள்தான் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே கம்பி காலியாக இருந்தது. அம்மாதான் அதைக் கவனித்து, ஏன் வெளியே போடவில்லை என்று கேட்டார். "பழக்கமாயிடுச்சும்மா. குளிர் ஆரம்பிச்சா காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பும். வெள்ளைத் துணியில பொட்டுப் பொட்டா கரி ஒட்டிக்கும்" என்றார்.

அவர் கை காட்டிய திசையில் நானும் கணவரும் மாலையில் நடந்து போனோம். சற்றுத் தூரத்தில் சரக்கு லாரிகள் வந்து நிற்கும் பெரிய திடல் இருந்தது. பல வண்டிகள் என்ஜினை அணைக்காமலே நின்றன. நாங்கள் போன சமயத்தில் காற்று வீட்டிலிருந்து திடல் பக்கம் வீசியதால் வீட்டில் ஒரு வாடையும் தெரியவில்லை. காற்று திரும்பும் மாதங்களில் அத்தனை புகையும் இங்கே வரும். போதாததற்கு, குளிர்கால இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் மூடி போட்டதுபோல் நின்றுவிட்டால், புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். விடிகாலையில் அம்மாவின் மூச்சு மோசமாவதை நான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

யாரோ ஒருவர் சொன்ன பேச்சை நம்பி நல்ல வீட்டை விடுவதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தரகரே அப்படித்தான் கேட்டார். நாங்கள் அந்தப் பேச்சோடு விட்டுவிடவில்லை. அருகில் இருந்த காற்று அளவீட்டு நிலையத்தின் பழைய பதிவுகளை மாதவாரியாக எடுத்துப் பார்த்தோம். நாங்கள் போயிருந்த மாதம் எண்கள் நன்றாகவே இருந்தன. குளிர் மாதங்களில் பல மடங்கு ஏறியிருந்தன. பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம். அதை எட்டும் நகரங்கள் குறைவு என்பதும், நகரத்தில் வாழ்ந்தால் கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும் என்பதும் எனக்கும் தெரியும். நான் அந்த நகரத்தைக் குறை சொல்லவில்லை, இன்றும் அங்கேதான் இருக்கிறோம். திடலுக்கு நேர் எதிர்க்கோடியில், கொஞ்சம் சிறிய வீடாகப் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். அம்மா அந்தக் குளிர்காலத்தை மருத்துவமனைக்குப் போகாமல் கடந்தார். வீண் செலவு என்று சொன்னவர்கள் யாரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே, நீங்கள் போகும் நாட்களில் அந்த ஊர் எப்படி இருக்கிறது என்பது ஒரு பங்குதான். மற்ற மாதங்களில் எப்படி இருக்கும் என்பதை அங்கே இருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும். விமானச் சத்தமும் இதே கதைதான். விமானங்கள் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் பார்க்கும். காற்று திரும்பினால் அவை வரும் பக்கமும் மாறும். நீங்கள் பார்த்த வாரத்தில் வானம் அமைதியாக இருந்தது என்பதற்காக வருடம் முழுக்க அப்படி இருக்கும் என்று நினைக்க முடியாது. மழை பெய்யாத நாளில் போனால் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய கோடு புதுப் பெயிண்ட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் தெரியும், மின் மீட்டரை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்திருந்தாலும் காரணம் கேளுங்கள். குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், சோப்பு நுரைக்காது. இது பெரிய விஷயமில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

அலுவலகத்துக்குப் போய்வரும் நேரத்தை வரைபடத்தில் பார்த்து நம்பாதீர்கள். ஒரு வேலை நாளில், பள்ளி நடக்கும் காலத்தில், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போய், மாலையில் அதே வழியில் திரும்பி வாருங்கள். பள்ளி விடுமுறையில் பார்க்கும் சாலை வேறு சாலை. அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியத் தரவுகளை ஆராய்ந்து 2008-ல் எழுதிய கட்டுரையில், பயண நேரம் கூடக் கூட மனிதர்களின் வாழ்க்கை நிறைவு குறைவதைக் காட்டினார்கள். சம்பளமோ நல்ல வீடோ அதை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அவர்கள் பார்த்த தரவுகளில் அப்படி ஈடாகவில்லை.

இன்னொன்றையும் செய்துபாருங்கள். வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ அவரோடு பெரிய சாலையை ஒருமுறை கடந்துபாருங்கள். ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துப் பாதசாரி சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது பல இடங்களில் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை வைத்துப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆண்களின் சராசரி நடை 0.9 மீட்டர்தான், பெண்களுக்கு 0.8. அம்மாவோடு நான் கடந்தபோது பாதி வழியில் விளக்கு மாறியது. அதனால் மருந்துக்கடையும் நடைபயிற்சி இடமும் வீட்டுப் பக்கமே இருக்கும்படி பார்த்தோம். ஒரு ஞாயிறு இரவு, பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் சும்மா போய் நின்று வந்தோம். யார் பணியில் இருக்கிறார்கள், மூச்சுத் திணறலோடு வருபவரை உடனே உள்ளே அழைக்கிறார்களா என்று நேரில் பார்த்தோம். நோய் வரும் முன்பே மருத்துவமனை பார்ப்பது அபசகுனம் என்று நினைப்பவர்கள் என்னை மன்னிக்கட்டும். மூச்சுத் திணறும் ஆளை வைத்துக்கொண்டு நடு இரவில் வழி தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இன்னும் ஆறவில்லை. இவ்வளவும் பார்த்துக் குடிபோன நாளில் எங்களை நோகடித்தது நகரம் அல்ல, சாமான் ஏற்றி வந்த நிறுவனம். வண்டி வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு, தெரு குறுகலாக இருக்கிறது, பேசிய தொகைக்கு மேல் கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். அதே தெருவில் அதே அளவு லாரி நிற்கும் படம் என்னிடம் இருந்தது, முன்கூட்டி வந்தபோது எடுத்தது. காட்டினேன். மேலாளரிடம் பேசுங்கள் என்றார்கள், அவர் ஃபோனை எடுக்கவே இல்லை. அம்மாவின் கட்டில் வண்டிக்குள் இருக்க, அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பணத்தைக் கொடுத்தோம். வயதானவர் கஷ்டப்படுவதைப் பார்த்து விலையை ஏற்றுவதை என்னால் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. பிறகு எழுதிய புகாருக்கும் பதில் இல்லை.

நீங்கள் போகும்போது தெருவின் அகலம், லிஃப்டின் உள்ளளவு, வண்டி நிற்கும் இடம் எல்லாவற்றையும் படமெடுத்து, தொகை பேசும்போதே அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். இறக்கும் கூலியும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.