நல்லா இருக்கும்போது எதற்கு ரத்தப் பரிசோதனை?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் எங்கள் அப்புச்சிக்கு 68 வயது. பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, சர்க்கரைக்கு மெட்பார்மின். பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டாக்டர் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம், சோடியம் பார்த்து வரச் சொல்கிறார். "நல்லாத்தான இருக்கறனுங்க, எதுக்கு ரத்தம் குடுக்கோணும்" என்று அப்புச்சி மறுக்கிறார். தினமும் இளநீர் குடிப்பார். மூட்டு வலிக்கு மெடிக்கலில் அவராகவே மாத்திரை வாங்கிப் போடுவார்.

பதில்: டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிரஷர் மாத்திரை வேலை செய்கிறதா என்று கருவி காட்டிவிடும், ஆனால் அது உள்ளே வேறென்ன செய்கிறது என்பதை ரத்தம்தான் சொல்லும். டெல்மிசார்டன் சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைப்பதால் சர்க்கரைக்காரர்களுக்கு அது நல்ல மருந்து, அதே சமயம் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவிடும். அதனால்தான் ஆரம்பித்த பிறகும் அளவைக் கூட்டிய பிறகும் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை பார்ப்பது. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம், பழைய அளவைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். அதே மாத்திரையில் கூட இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சோடியத்தை இறக்கிவிடும். பெரியவர் தள்ளாடுவார், பேச்சு குழம்பும், வீட்டில் எல்லோரும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த மூட்டுவலி மாத்திரைதான். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும். இந்த இரண்டு பிரஷர் மருந்துகளோடு அதுவும் சேர்ந்து, வெயிலில் வேர்த்து நீர் வற்றிய நாளிலோ வயிற்றுப்போக்கு வந்த நாளிலோ போட்டால் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகக்கூட வாய்ப்புண்டு. மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை தரும்போது பல நேரம் பெயர் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடுகிறது, கவர் மேல் பெயரை எழுதி வாங்குங்கள், அதை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்றும் அவரையே கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இளநீரா? 200 மில்லியில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். ரிசல்ட் வரும்வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அளவு சரியாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக் குடிக்கட்டும். அப்புறம், பாதம் மரத்துப் போகிறது என்றால் சர்க்கரை மேலேயே பழி போட வேண்டாம், வருஷக்கணக்கில் மெட்பார்மின் போடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

கேள்வி: தைராய்டு மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) இன்னும் இறங்கவில்லையே? (கோபியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அதற்குள் இறங்காதுங்க. ஆறு வாரம் கழித்துப் பாருங்கள், அதுவரை காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.