ஃபவுண்டேஷன் வகுப்பு வேண்டாம்

ஆட்டிசம் உள்ள உங்கள் மகனுக்குப் பதினான்கு வயது நிறைந்துவிட்டது. கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறான் என்பதால், ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கான ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்கும்படி அவனுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகவும், அதற்காக மனையை விற்க யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆயினும் அந்த வகுப்பு வேண்டாம் என்பதே என் பதில்.

உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறதே என்கிறார் பெரியப்பா. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்கிறது என்பது சரி. ஆனால் வகுப்பறை இரைச்சலுக்கே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒடுங்கும் பிள்ளை, அறுபது பேர் நெருங்கி அமரும் பயிற்சி வகுப்பையும், பின்னர் நான்கு ஆண்டு விடுதி வாழ்க்கையையும் எப்படித் தாங்குவான் என்பதற்கு ஒதுக்கீட்டில் விடை இல்லை.

உங்கள் மருந்துக் கடையில் மாத்திரை அட்டைகளைக் காலாவதித் தேதிவாரியாக அவனே அடுக்கிவைக்கிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ஒழுங்காக வகைப்படுத்தும் அந்தத் திறமைக்கு ஏற்ற படிப்பே அவனுக்கு வேண்டும்.

தினமும் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை உறவினர் எவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அதன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சி.பி.எஸ்.இ. சான்றிதழுக்கு இணையானது. ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேறினால் போதும் என்பதால் தமிழ், கணிதம், டேட்டா என்ட்ரி, ஓவியம், மனையியல் என்றுகூட அமைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஐந்தையும் எழுதவேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே நிற்கும். முதல் பருவத்தில் டேட்டா என்ட்ரி ஒன்றை மட்டும் எழுதட்டும். கூடுதல் நேரமும், தேவையானால் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பார்கள். அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும் என்பதால் அதை முதலில் வாங்குங்கள். பள்ளித் தோழமை குறையும் என்பது மெய்யான இழப்புதான். அதனால் நாளில் பாதியாவது அவன் உங்கள் கடையில், மனிதர்கள் வந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும்.

மனையை விற்காதீர்கள். உங்கள் காலத்துக்குப் பிறகும் அவன் வாழவேண்டிய ஆண்டுகள் பல. அந்தச் சொத்து அதற்கு உரியது. பாடப் பட்டியலை அவன் கையிலேயே கொடுத்து, விருப்பமானவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். ஓவியத்தை அவன் விட்டுவிட்டால், நான் சொன்னேன் என்பதற்காக அதைச் சேர்க்க வேண்டாம்.