பாரிஸ் மேடையில் ஒரு ஜப்பானியர்: யோஷி ஓயிடா பற்றிக் கேள்வி பதில்

கே: கியோகென் என்ற ஜப்பானிய நகைச்சுவை நாடகம் படித்த நடிகர் ஓயிடா பாரிஸுக்கு எப்படிப் போனார்?

ப: 1968இல் பல நாட்டு நடிகர்களை வைத்துப் பட்டறை நடத்த ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கை பிரெஞ்சு நடிகர் ழான்-லூயி பரோ பாரிஸுக்குக் கூப்பிட்டார். ஜப்பானிலிருந்து போனவர் ஓயிடா. மே மாத மாணவர், தொழிலாளர் கிளர்ச்சியில் ஊரே நின்றுபோக, குழு லண்டனுக்கு மாறியது. 1970இல் புரூக் பாரிஸில் நாடக ஆய்வு மையம் தொடங்கியதும் திரும்பி வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

கே: மொழி தடையாக இல்லையா?

ப: ஆரம்ப வேலைகள் மொழியை நம்பியவை அல்ல. 1971இல் ஈரானின் பெர்செபோலிஸில் போட்ட நாடகத்துக்கு ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் ஒரு மொழியையே புதிதாகக் கட்டினார். யாருக்கும் அது தாய்மொழி இல்லை, ஆக எல்லாரும் சமம். அடுத்த வருஷக் கடைசியில் ஆப்பிரிக்கா. ஊர் நடுவே கம்பளம் விரித்தால் அதுதான் மேடை.

கே: கியோகெனோடு சேர்ந்து ஆடப்படும் ஜப்பானிய நாடகமான நோவின் நடையை வீட்டில் பழக முடியுமா?

ப: இதை யாராவது கேட்க மாட்டீர்களா என்றிருந்தேன். பெயர் சுரியாஷி. பருத்திக் காலுறை, வழுவழுப்பான தரை, ஆறு மீட்டர் நீளம் போதும். நோ மேடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். ரப்பர் செருப்பு வழுக்காது, கழற்றுங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கி இடுப்பை இறக்குங்கள். எடை லேசாக முன்னால். குதிகால் எழாமல் பாதத்தை இழைத்துக்கொண்டு போய், அடி முடிகிற இடத்தில் விரல்களை மட்டும் தூக்கி இறக்குங்கள். பிறகுதான் மறு கால். சொதப்புவது இரண்டு இடத்தில்: பின்புறத்தைத் தள்ளி முதுகை வளைப்பது, குனிந்து காலைப் பார்ப்பது. சுவரில் உங்கள் தலை உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தலை கோட்டுக்கு மேலும் கீழும் போனால் இடுப்பு நிற்கவில்லை. முட்டி வலிக்காரர்கள் தொடாதீர்கள்.

கே: மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. மெதுவாகச் செய்யலாமா?

ப: மேலே கடைசி வரி. மெதுவாகச் செய்தால் சுமை இன்னும் கூடும்.

கே: ஓயிடா புரூக்கின் 'மகாபாரதம்' நாடகத்தில் பீஷ்மராக வந்தவர்தானே?

ப: துரோணர். பீஷ்மராக வந்தவர் ஆப்பிரிக்க நடிகர் சோட்டிகி குயாட்டே.

கே: ஜப்பானியர் துரோணர், இந்திய முகம் என்று மல்லிகா சாராபாய் ஒருவர். இது திருட்டில்லையா?

ப: 1985இல் பிரான்ஸின் அவிஞோன் பக்கத்துக் கல்குவாரியில் ஒன்பது மணி நேரம் ஓடிய நாடகம் அது. இந்திய நாடக விமர்சகர் ருஸ்தம் பரூச்சா அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். கீதை அவ்வளவு சுருங்கிப்போனது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் நடிகரின் ஊரை வைத்து வேஷம் கொடுப்பதென்றால், கூத்தில் துரோணர் கட்டுபவர் அஸ்தினாபுரத்துக்காரரா?

கே: (இடையில் இன்னொருவர்) அப்போ நம் கூத்துக்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே!

ப: கூப்பிட்டார்கள், வேறொரு பாரிஸ் குழு. தியாத்ர் து சோலேய் 2016இல் போட்ட நாடகத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அந்த நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தார். வாத்தியார் கூடவே இருந்தார். என் கணக்கில் வித்தியாசம் அதுதான்.

கே: அப்படியென்றால் புரூக் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்?

ப: இல்லை. அடுத்த கேள்வி.

கே: ஓயிடா இயக்கியவை?

ப: ஓபெரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், நிறைய. 2007இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ விழாவுக்கு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'வெனிஸில் மரணம்'; 2012இல் பாரிஸின் ஓபெரா கோமிக் அரங்கில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'முத்துக் குளிப்போர்', கதை நடப்பது இலங்கைக் கரையில். பாடகருக்கு, இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் கண்ணில் தெரிந்தாக வேண்டும். நாடகத்தில்போல நினைத்த பக்கம் திருப்பி நிறுத்த முடியாது.

கே: பிரான்ஸ் விசா?

ப: தூதரகத்தைக் கேளுங்கள்.

கே: நோ நடை முட்டி வலியைப் போக்குமாமே?

ப: போக்காது. மூன்றாவது தடவை சொல்கிறேன்.