மூன்றாம் நாளோடு நின்றுபோன கரு: மாத்திரை உதவுமா?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன், வயது 33. ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய் முறை) செய்ததில் ஐந்து கருக்கள் உருவாகி, ஐந்துமே மூன்றாம் நாளோடு நின்றுவிட்டன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால் அடுத்த முறை கரு வளருமா? கணவர் மதுரையில் பரோட்டா மாஸ்டர், புகையிலை போடுவார்.

பதில்: சகோதரி, படி ஏறினேனே, பப்பாளி சாப்பிட்டேனே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அந்த மூன்று நாளும் கருக்கள் உங்கள் வயிற்றில் இல்லை, ஆய்வகத்தில் இருந்தன.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். கருக்குழாயிலும் கருப்பையிலும் அது 2 முதல் 8 சதவீதம்தான். அந்தக் குறைந்த அளவுக்குப் பழகிய கருவை வெளிக்காற்றின் அளவில் வைத்தால், செல்லுக்குள் கழிவாக உருவாகும் வீரியமிக்க மூலக்கூறுகள் பெருகி, செல்சவ்வையும் மரபணுவையும் அரிக்கும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். அதனால்தான் இப்போது பல ஆய்வகங்களில் 5 சதவீத ஆக்சிஜன் உள்ள இன்குபேட்டரில் வளர்க்கிறார்கள். கதவை அடிக்கடி திறப்பதில்லை, வெளிச்சத்தையும் குறைக்கிறார்கள். அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருளான ஆன்டிஆக்ஸிடன்டை வளர்ப்புத் திரவத்திலேயே சேர்ப்பது எலிக்கருவில் நல்ல பலன் தந்திருக்கிறது. மனிதக் கருவில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. "எங்கள் கருவை எத்தனை சதவீத ஆக்சிஜனில் வளர்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் ஒரு கரு ஏன் நின்றது என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை கிடையாது. குரோமோசோம் கோளாறாலும் நிற்கும். அதை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற்ற ஆண்களுக்குக் கூட்டு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தும் விந்தணுவின் தரம் உயரவில்லை. விலை உயர்ந்த டப்பாக்களுக்குச் செலவழிக்காதீர்கள். 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் மட்டும் தினமும் தொடருங்கள்.

இனி உங்கள் கணவரைப் பற்றி. மூன்றாம் நாள் வரை கரு பெரும்பாலும் முட்டையின் சேமிப்பில்தான் ஓடுகிறது. அப்புறம்தான் அதன் சொந்த மரபணு வேலையைத் தொடங்குகிறது, அதில் பாதி அப்பாவுடையது. நாள் முழுக்கக் கல் முன்னால் நிற்கும் சூடும், புகையிலையும் விந்தணுவைப் பாதிக்கும். புதிய விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். அதனால் அடுத்த ஐ.வி.எஃப் முயற்சிக்கு மூன்று மாதம் முன்பே புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள். 1800112356 என்ற இலவச எண்ணில் உதவி கிடைக்கும். முதலாளியிடம் பேசி, கொஞ்ச நாள் மாவு பிசையும் பக்கம் மாறிக்கொள்ள முடிந்தால் நல்லது. விதைப்பையில் ரத்தக்குழாய் புடைப்பு இருக்கிறதா, விந்தணு மரபணு சிதைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.