கட்டைவிரல் மை காயும் வரை

அன்புள்ள ஐயா,

இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை. மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். குடிநீர், தெருவிளக்கு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, சிறிய வாசகசாலை என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 3 வருடமாகக் கவிதை வரவில்லை. சேவை உன் கவிதையைத் தின்றுவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். இந்த அனுபவங்களை வைத்து ஒரு தொகுப்பு எழுதிவிட்டு சங்கத்திலிருந்து விலகிவிடலாமா? தாகூருக்கு நிலபுலன் இருந்தது, இரண்டையும் செய்தார். நம்மால் முடியுமா? எந்தப் பதிப்பகத்தை அணுகலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பதிப்பகத்தைப் பற்றி, எழுதி முடித்தபின் கேளுங்கள். கவிதை வராததற்கு என்னிடம் மருந்து இல்லை. வேறு ஒரு வேலையும் இல்லாமல் எழுத உட்கார்ந்தவர்களுக்கும் வராமல் போன வருடங்கள் உண்டு.

தாகூருக்கு நிலம் இருந்தது, உண்மை. நிலம் இருந்த எத்தனை பேர் தங்கள் குடியானவர்களை வட்டிக்காரர்களிடமிருந்து மீட்க வங்கி தொடங்கினார்கள்? அவர் வங்கத்தில் தன் ஜமீனைச் சேர்ந்த பதிசர் என்ற ஊரில் தொடங்கினார், நோபல் பரிசுப் பணத்தைக் கொண்டுபோய் அதில் போட்டார். 1906இல் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பியது வேளாண்மை படிக்க. சரி, அவரை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. "இந்த அனுபவங்களை வைத்து ஒரு தொகுப்பு எழுதிவிட்டு விலகிவிடலாமா." அந்தத் தெருக்காரர்கள் உங்களைச் செயலாளர் ஆக்கியது உங்களுக்குப் பாடுபொருள் கொடுப்பதற்காகவா? மகசூலை எடுத்துக்கொண்டு வரப்பை உடைத்துவிட்டுப் போகிற பேச்சு இது. இதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொண்டிருந்தேன். 1879இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தார், நீதிநூல் பாடினார். 1876-78 பெரும் பஞ்சத்தில் தன் கைப்பொருளைக் கொடுத்துப் பசித்தவர்களைக் காப்பாற்றினார், அதைப் பார்த்து, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடினார். இதெல்லாம் ஓரளவு தெரிந்த செய்தி. ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளை, 1861 வரைக்குமானவற்றை, தமிழாக்கி நூலாக வெளியிட்டவரும் அவர்தான். இதை யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிது. நிலத்தையும் வீட்டையும் பணயம் வைத்து வழக்காடுகிறவன், தன் வழக்குக்கு முன்பு என்ன தீர்ப்பு சொல்லப்பட்டது என்று தன் மொழியில் படிக்க முடிகிற நிலை. செய்யுள் தெரிந்த கை அந்த வேலைக்கு உட்கார்ந்திருக்கிறது.

அந்த மாதிரி எழுத்தும் கவனம் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு பாட்டியால். அப்போது 24 வயது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. கவிதை எழுதுகிற பையன் என்று மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். "ஏழை எளியோராகிய நாங்கள் கண்ணீரைக் குடித்துத் தாகம் தணிக்கிறோம்" என்று தொடக்கம். காலையில் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். கடைசி வீட்டுப் பாட்டிக்கு எழுதத் தெரியாது. கட்டைவிரலை மையில் ஒற்றியவர், தாளுக்கு மேலே அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கன்னு படி தம்பி. எதுக்கு ரேகை வைக்கிறேன்னு எனக்குத் தெரியணும்ல?"

படித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினார்.

"ஏழைன்னு எதுக்குப்பா எழுதுற? வரி கட்டுறோம்ல? கண்ணீரை யாரு குடிச்சா? நாலு தெரு தாண்டிப் போய்த் தூக்கிட்டு வர்றேன். அதை எழுது. எத்தனை நாளா வரலை, எத்தனை வீட்டுக்கு வரலை, அதை எழுது."

பேசி முடிப்பதற்குள் விரலில் மை காய்ந்துவிட்டது. விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "எழுதிட்டு வா, வைக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் மறுபடி எழுதினேன். தெருவின் பெயர், 38 வீடுகள், தண்ணீர் நின்ற தேதி, பாட்டி நடக்கிற தூரம், வரி ரசீதுகளின் நகல்கள். அரைப் பக்கம்தான். முழுக்கக் கேட்டுவிட்டு ரேகை வைத்தார். தண்ணீர் வர அதற்குப் பிறகும் 4 மாதம் ஆனது, இன்னும் இரண்டு மனு எழுத வேண்டியிருந்தது. அந்த இரண்டையும் அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கொடுத்தேன்.

கவிதையில் கண்ணீரைக் குடிக்கலாம். மனுவில் குடித்தால், நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்ட 38 வீட்டையும் பிச்சை கேட்கிறவர்களாக நிறுத்திவிடுகிறோம். என் பேரில் நான் என்னவும் எழுதிக்கொள்ளலாம். அடுத்தவர் பேரில் எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் சம்மதம் வேண்டும்.

இப்போது கேட்கிறேன். உங்கள் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எழுதுவது நீங்கள்தானே? "விரிவாக விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதுகிறீர்களா? அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடவா எதிர்க்கவில்லை? கடைசி வரிசையில் எழுந்து நின்று, இந்த இடத்தில் விளக்கு வேண்டாம், அந்த முனையில்தான் இருட்டு என்று சொன்ன பெண்ணின் பேச்சு புத்தகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், அவர் சொன்னதற்கு இனி சாட்சியே கிடையாது. அப்புறம் அலுவலகத்தில், "ஆவன செய்யப்படும்" என்று எழுதி அனுப்புகிறீர்களா? யார் செய்வார்? எந்தத் தேதிக்குள்? ஒரு வரியில் தேவையில்லாத ஒரு அசை இருந்தால் தூக்கம் கெடுகிற ஆள் நீங்கள். பகலில் இப்படி ஒரு வாக்கியத்துக்குக் கீழே எப்படிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்? 3 வருடமாக எழுதவில்லை என்கிறீர்கள். தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கவனமில்லாமல் எழுதுகிறீர்கள்.

கவிதையையும் மனு மாதிரி எழுதச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சில் எழுதிய கவிஞர் எமே செசேர், கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவின் ஃபோர் து பிரான்ஸ் நகருக்கு 1945 முதல் 2001 வரை மேயர். 56 வருடம். குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் போய்ச் சேர வேண்டும் என்று பார்க்கிற பதவி. அவருடைய கவிதையோ கரடுமுரடானது, பிரெஞ்சுக்காரர்களே அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். பதவிக்காக அவர் கவிதையைத் தட்டையாக்கிக்கொள்ளவில்லை. நீங்களும் ஆக்க வேண்டாம்.

நீங்கள் களைத்திருக்கிறீர்கள், கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. ஒரு வருடம் செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள், உறுப்பினராக இருங்கள். நன்றாகத் தூங்குங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தீர்மானம் எழுதச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்குக் கவிதை அனுப்ப வேண்டாம். உங்கள் கடைசிக் கூட்டத்தின் தீர்மானத்தை, பெயர்களை மறைத்து, எழுதியது எழுதியபடியே நகலெடுத்து அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.