பழைய சீடி கேம் விண்டோஸ் 10 இல் ஓடவில்லை. டீமன் டூல்ஸ் (போலி சீடி டிரைவ் காட்டும் மென்பொருள்) போட்டால் ஓடுமா?

சேஃப்டிஸ்க் என்ற கொப்பித் தடுப்புப் பூட்டுப் போட்ட கேம் என்றால் ஓடாது. சிக்கல் வட்டில் இல்லை, விண்டோஸில்.

2003 கடைசியில் லண்டனில் இருந்து ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணம் வந்த மாமா எனக்கு வைஸ் சிட்டி கேமின் ஒரிஜினல் சீடி கொண்டுவந்து தந்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரிஜினல் வைத்திருந்தது நான் மட்டும்தான். கஷ்டப்பட்டதும் நான் மட்டும்தான். ரவுணில் வாங்கிய கொப்பி சீடியில் 'கிராக்' என்று ஒரு போல்டர் இருக்கும்; அதில் இருந்த, பூட்டை உடைத்த கோப்பை எடுத்துப் போட்டுவிட்டு மற்றப் பொடியள் வட்டே இல்லாமல் விளையாடினார்கள். நானோ ஒவ்வொரு முறையும் வட்டைப் போட்டு, டிரைவ் கர்ர் கர்ர் என்று இழுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். புழுதியில் வட்டுக் கீறுப்பட்ட பிறகு 'சரியான சீடியைப் போடவும்' என்ற பெட்டிதான் வரும். சரியான சீடியே அதுதானே!

அந்த இழுவை சேஃப்டிஸ்கின் வேலை. வட்டை அச்சடிக்கும்போதே சில செக்டர்களை (தரவு இருக்கும் சிறு துண்டுகளை) வேண்டுமென்றே பிழையாக விட்டிருப்பார்கள். சாதாரணக் கொப்பியில் அந்தப் பிழைகள் வராது. பிழை இல்லையென்றால் கள்ள வட்டு என்று பிடிபடும். ஆல்கஹால் 120% என்ற மென்பொருள் பிழைகளையும் சேர்த்தே வட்டை ஒரு எம்டிஎஃப் கோப்பாக, அதாவது இமேஜாக, எடுக்கும். டீமன் டூல்ஸ் அந்தக் கோப்பை, டிரைவில் வட்டு இருப்பதுபோலக் காட்டும். பிறகு வந்த பூட்டுகள் டீமன் டூல்ஸையே மோப்பம் பிடிக்கத் தொடங்க, அதை ஒளிக்க யாசு என்று இன்னொரு கருவி வந்தது. எனக்கு ஒரு வட்டை எடுக்கவே ஒரு பின்னேரம் போய்விடும். பாதியில் கரண்ட் போனால் திரும்ப முதலில் இருந்து.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வட்டைச் சோதிக்க சேஃப்டிஸ்குக்கு செக்டிரைவ் என்ற டிரைவர் (சிறு துணை மென்பொருள்) விண்டோஸுக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்பியில் இருந்தது. 2007 இல் அதில் பாதுகாப்பு ஓட்டை பிடிபட்டது. விண்டோஸ் 10 இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பர் அப்டேட்டில் விண்டோஸ் 7, 8.1 இலும் நிறுத்திவிட்டது. டிரைவர் இல்லாத இடத்தில் ஒரிஜினலும் ஒன்றுதான், இமேஜும் ஒன்றுதான்.

வட்டுக்குள் 00000001.டிஎம்பி என்ற கோப்பு இருந்தால் அது சேஃப்டிஸ்க்தான். அதே கேம் ஜிஓஜி என்ற இணையக் கடையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அங்கே பூட்டில்லாமல் விற்கிறார்கள். இல்லாவிட்டால், எக்ஸ்பி போட்ட பழைய மெஷின் ஒன்றை இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுப் பாவியுங்கள். நோ-சீடி கோப்பை (அந்தக் கிராக் போன்றதை) கண்ட கண்ட தளத்தில் இறக்க வேண்டாம். நான் இறக்கிய ஒன்றில் வைரஸ் வந்து, தங்கச்சி டைப் பண்ணி வைத்திருந்த ஏ.எல். நோட்ஸ் அத்தனையும் போனது. இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.