கூட ஒரு வெள்ளி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பெரியப்பா பேத்தியின் கல்யாணத்துக்காக முதல்முறையாக மலேசியா வந்தேன். உங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில்தான் விருந்து. மண்டப வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் உறையை அதில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். மொய் எழுத ஆள் இல்லை, நோட்டு இல்லை. நான் 101 வெள்ளி (ரிங்கிட்) வைத்தேன். "எதுக்கு அந்த ஒண்ணு?" என்று சொந்தக்காரப் பையன் சிரித்தான். சீனவர்கள் சிவப்பு உறை கொண்டுவந்தார்கள். ஒரு மலாய்க்காரர் பெட்டிப் பக்கமே போகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பெண்ணின் அப்பாவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் யார் எவ்வளவு செய்தார் என்பது தாத்தா காலத்திலிருந்து நோட்டில் இருக்கிறது. கடல் தாண்டினால் இதெல்லாம் மறந்துபோகுமா? நாட்டுக்கு நாடு பழக்கவழக்கம் எப்படி மாறுகிறது என்று நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த மலாய்க்காரர் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். அவர் வெறுங்கையோடு கைகொடுத்திருக்க மாட்டார். உள்ளங்கையில் ஒரு நோட்டு சின்னதாக மடித்து இருந்திருக்கும். வாங்குகிறவர் அதைப் பார்க்கக் கூடாது, அப்படியே சட்டைப் பைக்குள் போகவேண்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதுதான் முறை. கிளம்புகிறவருக்கு அவித்த முட்டையை அலங்கரித்துக் கொடுத்தனுப்புவார்கள். இப்போது முட்டைக்குப் பதில் மிட்டாயோ கேக்கோ வந்துவிட்டது. யார் கொடுத்தது, எவ்வளவு என்பது கொடுத்தவரோடு போய்விடும்.

மொய் நோட்டும் இருக்கிறது. நீங்கள் படுக்கப் போன பிறகு அது வெளியே வந்திருக்கும். உறையின் பின்பக்கம் பெயர் எழுதச் சொல்வது அதற்காகத்தான். இல்லாமல் போனது மைக்கில் வாசிப்பது மட்டும். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. தோட்டத்துக் கல்யாணம் ஒன்றில் ஐந்து வெள்ளி செய்த கிழவர் ஒருவர், தன் பெயர் வரும் நேரம் பார்த்துக் கை கழுவ எழுந்து போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஒன்று. முழுத் தொகை வைத்தால் கணக்கு முடிந்துபோகும், கூட ஒன்று வைத்தால் உறவு தொடரும் என்று நாம் நினைக்கிறோம். உங்கள் பக்கம் உறையிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி விற்கிறார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் மொய் விருந்து என்றே ஒன்று வைத்து, போட்ட பணத்தைத் திருப்பி வாங்குகிறார்கள். கிட்டத்தட்ட வட்டியில்லாத வங்கி. மலேசியாவில் ஒரு வெள்ளி நாணயம் 2005-இல் செல்லாமல் போய்விட்டது. அந்த ஒன்றை வைக்கவேண்டுமென்றால் நீல நோட்டைத்தான் தேடவேண்டும்.

ஆனால் இந்த ஒற்றைப்படை ஊருக்கு ஊர் பல்டி அடிக்கும். சீனவர்களுக்கு நல்ல காரியம் என்றால் இரட்டைப்படை. அதிலும் நாலு ஆகாது, சாவு என்ற சொல்லின் சத்தம் அதில் கேட்கிறது. ஒற்றைப்படை வைப்பது சாவு வீட்டில், வெள்ளை உறையில். சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு சிவப்பு நூலும் மிட்டாயும் தருவார்கள். ஜப்பானில் இதற்கு நேர் எதிர். கல்யாணத்துக்கு 30,000 யென் வைப்பவர் 20,000 வைக்க யோசிப்பார், இரண்டாகப் பிரிகிற எண் தம்பதிக்கு ஆகாது என்று. நோட்டும் புத்தம் புதிதாக இருக்கவேண்டும். அதே புது நோட்டைச் சாவு வீட்டில் வைத்தால் தப்பு. எப்போது போவார் என்று எடுத்துவைத்துக் காத்திருந்த மாதிரி ஆகிவிடுமாம்! கொரியாவில் கல்யாணத்துக்கும் வெள்ளை உறை, சாவுக்கும் வெள்ளை உறை. சிவப்பு உறையோடு வளர்ந்த நமக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ரஷ்யாவில் பூக்கூட இந்தக் கணக்கில்தான் போகிறது. உயிரோடு இருப்பவருக்கு ஒற்றை, இறந்தவருக்கு இரட்டை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் மறக்கவில்லை, பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டோம். அதுவும் ரொம்பப் பிந்தி. 'மூவினமும் கலந்து வாழ்ந்த பூமி' என்று மேடையில் பேசுவார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. 1948 ஜூன் 16-இல் இந்தப் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டி அவசரகாலம் வந்தது. காட்டோரமாகப் பயிர் செய்துகொண்டிருந்த சீனவர்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய் அடைத்தார்கள். மலாய்க்காரர்கள் கம்பம் என்கிற தங்கள் கிராமத்தில், நாங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில். சீனவர் என்றால் எங்களுக்குச் சாமான் கடன் கொடுக்கும் கடைத் தவுக்கே (முதலாளி), அவ்வளவுதான். அவர் வீட்டில் எப்படிக் கல்யாணம் செய்வார்கள் என்று என் பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. பால்மரத்தை (ரப்பர்) வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்து, லயத்தைக் காலி செய்யச் சொன்ன பிறகுதான் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். நாங்கள் வந்தது 1989-இல். இடதுபக்கச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சீன ஆன்டி, வலதுபக்கம் ஒரு மலாய்க் குடும்பம்.

வந்த இரண்டாம் வருடம் அந்த ஆன்டி மகனுக்குக் கல்யாணம். சீனப் பெருநாளுக்கு யாரோ கொடுத்த சிவப்பு உறையை அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதில் அப்பா 51 வெள்ளி வைத்தார். தோட்டத்துச் சம்பளக்காரருக்கு அது பெரிய பணம்.

மறுநாள் காலை ஆன்டி வாசலில் நின்றார். ஒரு கையில் இரண்டு ஆரஞ்சு, மறு கையில் ஒரு வெள்ளி நோட்டு. தவறி வைத்துவிட்டீர்கள் என்று மலாயில் சொல்லி நீட்டினார். அம்மா வாங்கவில்லை. தவறில்லை, வேண்டுமென்றேதான் வைத்தோம் என்றார். இரண்டு பேருக்குமே கடைத்தெரு மலாய்தான். 'உறவு தொடரும்' என்பதை அதில் எப்படிச் சொல்வது? அம்மா இரண்டு கையையும் கோத்துக் காட்டி, பிறகு விரலை நீட்டித் தூரமாக ஒரு கோடு இழுத்தார். இன்னும் போகும், இன்னும் போகும். ஆன்டிக்குப் புரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. ஒற்றை என்றால் செத்தவர்களுக்கு என்றார். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஆன்டிதான் சொன்னார்: இன்னொன்று கொடு. அம்மா உள்ளே போய் அரிசி டின்னில் போட்டு வைத்திருந்த சில்லறைப் பணத்திலிருந்து ஒரு வெள்ளி நோட்டு எடுத்துவந்தார். 52. ஆன்டி அதை மடித்துக்கொண்டு, ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார்.

1998-இல் அக்கா கல்யாணம். இரவு ஒரு மணிக்குக் கூடத்தில் பாய் விரித்து உறைகளைப் பிரித்தோம். சித்தப்பா தோட்டத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர், முத்து முத்தான கையெழுத்து. நான் உறை கிழிக்க, பெரியக்கா மகன் பெயர் வாசிக்க, அவர் எழுதினார். அப்பா சட்டைப் பையைக் கவிழ்த்ததும் தீப்பெட்டி அளவுக்கு மடித்த நோட்டுகள் பாயில் விழுந்தன. 185 வெள்ளி. யார் யார் என்று சித்தப்பா கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. பெயரில்லாமல் எப்படி எழுதுவது என்று பேனாவை மூடி வைத்துவிட்டார் சித்தப்பா. கடைசியில் 'கைகொடுத்தவர்கள்' என்று ஒரு வரி போட்டார். யாருக்குத் திருப்புவது என்று தெரியாத அந்தக் கடனுக்காகவே, அப்பா இருந்தவரை எங்கள் தாமானில் ஒரு மலாய்க் கல்யாணத்தையும் விட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு சிவப்பு உறையைக் கிழித்தேன். பக்கத்து வீட்டு ஆன்டியுடையது. எண்ணிச் சொன்னேன். சித்தப்பா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சீனவங்க வீட்டுல 102-ஆ? திரும்ப எண்ணு." எண்ணினேன். "தப்பு. ஒண்ணு நூறு, இல்லன்னா நூத்தியெட்டு வைப்பாங்க. இன்னொரு தடவை பாரு."

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே குரல் கொடுத்தார்: "சரியாத்தான் இருக்கு, எழுதுங்க."

அன்புடன்.